மீன்வாய் ரயில்

உங்களில் சிலர் அந்த ரயிலில் ஏறியிருப்பீர்கள். ஏறியதை மறந்தும் இருப்பீர்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில் ரயிலைப் பற்றிச் சொன்னேன். "தூத்துக்குடியில ஏதுளா குட்டி ரயிலு? நீ மெட்ராஸ்ல எங்கயாவது பாத்திருப்ப" என்று அடித்துச் சொன்னாள். ரசம் வந்தது. சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஒரு மீனு இருந்துச்சுல்லா?" என்றாள் மெதுவாக. அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆமாம், மீன் இருந்தது. ரயிலும் இருந்தது. ஒரே ஒரு மழைக்காலம்தான் ஓடியது. நம்மில் பலருக்கு அது நினைவில் நிற்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அதன் பிறகு பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி நம் முன்னால் பேசவில்லை.

ஊருக்கு வடக்கே, உப்பளம் தொடங்கும் இடத்தில் கடலை ஒட்டி அந்தப் பூங்கா இருந்தது. ஒரு ராட்டினம், சறுக்கு மரம், நம்மைக் குள்ளமாகவும் கோணலாகவும் காட்டும் கண்ணாடிகள் வைத்த ஒரு கொட்டகை. கூட்டம் வந்தது இதற்கெல்லாம் இல்லை, ரயிலுக்குத்தான். புதுத் துறைமுகம் கட்டும்போது கடலில் கொட்டக் கல் சுமந்த சின்ன இன்ஜின் அது. வேலை முடிந்து துருப்பிடித்துக் கிடந்ததை ஒரு முதலாளி வாங்கி, பச்சைச் சாயம் அடித்து, கல் ஏற்றிய பெட்டிகளில் மரப்பலகை அடித்து இருக்கையாக்கிவிட்டார். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளையும் என் ஒன்பது வயதுக் கால்களால் அகட்டி மிதிக்க முடியும். அவ்வளவு குறுகல். ஆனால் நிஜ நீராவி. உடைமர விறகும் கரியும் எரியும். என் மஞ்சள் கவுனின் தோள்பட்டையில் நெருப்புப் பொறி விழுந்து பொட்டுப் பொட்டாக ஓட்டை. அம்மா அதற்காக அடித்தாள். சூடான எண்ணெயும் ஈரச் சாம்பலும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது பழைய பட்டறை வாசலில் வரும்போது நின்றுவிடுகிறேன்.

ரயில் புறப்பட்டு உடைமரக் காட்டுக்குள் போகும். அப்புறம் உப்பளத்தின் ஓரம். மழைக்காலமாதலால் வேலை கிடையாது; உப்புக் குவியல்கள் பனையோலை மூடி வரிசையாகப் படுத்திருக்கும். பிறகு ஒரு பழைய கல்கரை. உப்பு ஏற்ற வரும் தோணிகளைக் கட்ட யாரோ எந்தக் காலத்திலோ போட்டது. அந்தக் கல்கரையின் மேல்தான் முதலாளி தகரத்தால் ஒரு குகை கட்டியிருந்தார். குகையின் வாசல் ஒரு மீனின் வாய். மேலும் கீழும் சுண்ணாம்பு அடித்த மரப் பற்கள். கண்களுக்குப் பச்சைக் கண்ணாடிக் குண்டு. பைபிளில் வரும் யோனாவை விழுங்கிய மீன் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லுவோம். ரயில் அதன் வாய்க்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, நீளமாக ஒரு விசில் கொடுத்து, உள்ளே நுழையும். தகர இடுக்குகள் வழியே கடல் வெளிச்சம் கோடு கோடாக எல்லார் முகத்திலும் ஓடும். அம்மா முகம்கூட அந்த வெளிச்சத்தில் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். எல்லாரும் கத்துவோம். கல்கரை முடிந்ததும் வெளியே வந்து, கடற்கரை வழியே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்.

இன்ஜின் ஓட்டியவர் துறைமுக வேலையில் அதே இன்ஜினை ஓட்டியவர். திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கும் நாசரேத்துப் பக்கத்துக்காரர். பெண்சாதி செத்து ஒண்டியாக இருந்தார். நாங்கள் இன்ஜின் அண்ணாச்சி என்போம். அதிகம் பேசமாட்டார். விசில் கயிற்றைப் பிள்ளைகள் கேட்டால் இழுக்கக் கொடுப்பார்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஐப்பசியில்தான். அம்மாவின் தங்கை. சித்தப்பா சங்கு குளிக்கிறவர். முந்தைய பருவத்தின் கடைசியில் ஒருநாள் முங்கியவர் மேலே வரவில்லை. கூடப் போனவர்கள் தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் உடல் இல்லாவிட்டாலும் பூசை வைத்துவிடலாம் என்றார். சித்தி சம்மதிக்கவில்லை. "அவிய வரட்டும்" என்றாள். மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் அப்பா போய் அழைத்து வந்துவிட்டார்.

அவள் அழுததை நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தாள். எனக்குத் தலை வாரி விடுவாள், மீன் ஆய்வாள், தையல் மிஷினில் உட்கார்ந்து பழைய சேலையைப் பாவாடையாக்குவாள். ஒன்று மட்டும். வாசல் கதவை யார் தட்டினாலும் அவள்தான் எழுந்து போவாள். சங்கோடு மேலே வந்ததும் சித்தப்பா வள்ளத்தின் பக்கப்பலகையில் அந்தச் சங்காலேயே மூன்று முறை தட்டுவாராம். கையில் இருக்கிறது, வாங்கிக்கொள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் கதவை அப்படித்தான் தட்டுவார். பால்காரர் தட்டினாலும் தபால்காரர் தட்டினாலும் சித்தி போய்த் திறந்து, ஒரு நொடி அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே வருவாள்.

அம்மாதான் ரயிலுக்கு அனுப்பியது. "நாலு பிள்ளைய சிரிக்க எடத்துல போயி உக்காந்துட்டு வா. மனசு ஆறும்" என்று என்னையும் சேர்த்து அனுப்பினாள்.

முதல் நாள் கடைசிப் பெட்டியில்தான் இடம் கிடைத்தது. மீன் வாய்க்குள் போனோம். எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். முன்பெட்டிகள் வெளிச்சத்துக்குப் போய்விட்டன; அவர்கள் சத்தம் அடங்கிவிட்டது. நாங்கள் மட்டும் இன்னும் இருட்டுக்குள் இருந்தோம். அப்போது கேட்டது. டொக், டொக், டொக். பின்னாலிருந்து இல்லை. கீழேயிருந்து. கனமான ஏதோ ஒன்றால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி.

வெளியே வந்ததும் சித்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியாளா?"

"ஆமா சித்தி."

"அவியதான்" என்றாள். அவ்வளவுதான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவள் சிரிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் தினமும் போனோம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பூங்கா. எப்போதும் கடைசிப் பெட்டி. மழை வலுத்து, வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் கூட்டம் குறைந்துவிட்டது. ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் பெட்டியில். சித்தி இன்ஜினருகில் போய், "அண்ணாச்சி, உள்ள கொஞ்சம் நிறுத்துவியளா?" என்று கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் சித்தப்பா கதை தெரியும்.

குகைக்குள் நிறுத்தினார். நீராவியின் சீற்றம் அடங்க அடங்க, தகரத்தில் மழை சொட்டுவது கேட்டது. அப்புறம் கீழே கடல் கற்களுக்குள் புகுந்து புகுந்து வெளியேறுவது. சித்தி குனிந்து இருக்கைப் பலகையில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். காத்திருந்தோம். கரிப் புகை தகரத்துக்கடியில் தேங்கி மூக்கை எரித்தது.

டொக், டொக், டொக்.

அண்ணாச்சி இன்ஜினிலிருந்து இறங்கி வந்து எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்குள் நுழைகிறவரைப் போல. "ஆண்டவரே" என்றார். சித்தி அவரைப் பார்த்துச் சிரித்து, "கேட்டிச்சில்லா?" என்றாள். அவர் போய் இன்ஜினைக் கிளப்பினார்.

இந்த மாதிரிச் செய்தி நம் ஊரில் எத்தனை நாள் அமுங்கிக் கிடக்கும்? தெருப் பெண்கள் அம்மாவிடம் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குக் கோபம். "மூளை கலங்கிப் போச்சு, வேற என்ன? பிள்ளையையும் சேத்துல்லா கெடுக்கா" என்று சாப்பிடும்போது சொன்னார், சித்தி அடுப்படியில் நிற்கிறாள் என்பதைப் பார்க்காதவர் போல. கோயில் உபதேசியாரை வரவழைத்தார்கள். அவர் ஜெபம் வாசித்து வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தார்; சித்தி முழங்காலில் நின்று ஒழுங்காக எல்லாப் பதிலும் சொன்னாள். முடிந்ததும் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். "நல்லாத்தான இருக்கா" என்று உபதேசியார் குழம்பிப் போய்ச் சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் சித்தி ரயிலில் ஏறக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ரயிலில் ஏறவும் இல்லை. வீட்டு வேலை முடிந்த மத்தியான நேரத்தில் தனியாக நடந்தே கல்கரைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். எனக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அண்ணாச்சி முதலாளியிடம் போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மொதலாளி, அது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அடியில என்னமோ அசையுது. கல்ல கொஞ்சம் தோண்டிப் பாத்துருவோம்."

"ஓய், கிறிஸ்மஸ் லீவுல ரயில நிறுத்தச் சொல்லுதீரா? பேய் தட்டுதுன்னு கேட்டுத்தான எட்டயபுரத்துல இருந்தெல்லாம் வாரான். இந்தா பக்கத்துப் புதுக்கோட்டையில இருந்து சைக்கிள்ல வாரான். தட்டுனா தட்டிட்டுப் போட்டும்."

அது உண்மை. வதந்தி பரவப் பரவக் கூட்டம் கூடியது. மழை விட்ட நாட்களில் எல்லாப் பெட்டிகளும் நிறைந்தன. குகைக்குள் போனதும் இப்போது யாரும் கத்துவதில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். அத்தனை பேர், பிள்ளைகளும் பெரியவர்களும், கோடு கோடான வெளிச்சத்தில், மூச்சுவிடாமல். தட்டுகிற சத்தம் கேட்டதும் யாராவது ஒரு பெண் விம்முவாள். கத்தலைவிட அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. இரண்டு நாள் பெருமழை விட்டு வெயில் அடித்தது. கடல் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. நானும் தெருப் பிள்ளைகளும் இரண்டாவது பெட்டியில். என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் முந்திரி மக்ரூன் இனிப்பு. காற்று ஈரமாக இருந்ததால் அது நமுத்துப்போய் விரலில் ஒட்டியது. உடைமரக் காடு தாண்டி, உப்பளம் தாண்டி, மீனின் வாய்க்கு முன்னால் வழக்கம்போல வேகம் குறைந்தது. விசில் ஊதியது. அப்புறம் பிரேக். ஒரே குலுக்கு. நான் முன் பலகையில் போய் மோதிக்கொண்டேன்.

எட்டிப் பார்த்தேன். மீனின் பற்களுக்குக் கொஞ்சம் உள்ளே, தண்டவாளத்தின் குறுக்கே சித்தி படுத்திருந்தாள். ஒரு காது கம்பியில். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இன்ஜினின் முகம் அவளுக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்று புகைந்துகொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தாமலேயே, "சத்தம் போடாதிய" என்றாள். "அந்த இன்ஜின அமத்துங்க. ஒண்ணும் கேக்க முடியல."

அப்புறம் ஒரே அமளி. இரண்டு ஆட்கள் ஓடி அவளைத் தூக்கி மீன் வாய்க்கு வெளியே கொண்டுவந்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு மறுபடி மறுபடி கம்பியின் பக்கம் குனிந்தாள். பெட்டிகளில் இருந்த பெண்கள் சகுனம் சரியில்லை என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். கடைசிப் பெட்டி ஆட்கள்கூட இறங்கிவிட்டார்கள். முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரு சுத்து சும்மா போயிட்டு வரட்டும், பாருங்க, பொறவு ஏறுங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்துக் கையை ஆட்டினார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக, மனிதன் நடக்கிற வேகத்தில், காலிப் பெட்டிகளோடு உள்ளே போனார்.

இடிகிற சத்தம் எதுவும் முதலில் வரவில்லை. மீன் மெல்லத் தலை சாய்த்தது. நான் அப்படித்தான் பார்த்தேன். பச்சைக் கண் கடலைப் பார்த்துத் திரும்பியது. அப்புறம் தகரம் கிழிபடும் ஓசை, கற்கள் உருளும் ஓசை, கடைசியாகச் சூடான இன்ஜின் தண்ணீரில் விழுந்ததும் எழுந்த சீறல். அவ்வளவு வெள்ளையான ஆவியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விசில் கயிறு எதிலோ மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. ஊதிக்கொண்டே இருந்தது. நீளமாக, பிறகு மெலிந்து, பிறகு தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஒரு முனகல். அதுவும் நின்றது.

அண்ணாச்சி வெளியே பாய்ந்துவிட்டார். கற்களைப் பற்றி ஏறி வந்தார். வலது கை தோளிலிருந்து வெந்துபோயிருந்தது.

இரண்டு ஆட்கள் பிடித்திருக்க, சித்தி அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்கன யாரும் இல்ல. யாரும் இல்ல."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அவளோடு இருக்கிற பேய்தான் ரயிலை இழுத்துக்கொண்டது என்றார்கள் பாதிப் பேர். பெட்டி காலியாக இருக்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதனால்தான் 'யாரும் இல்ல' என்றாள், மாதாவே அவளை அனுப்பினாள் என்றார்கள் மீதிப் பேர். இவர்கள் மெழுகுதிரியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் எங்கள் வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சித்தி யாரையும் பார்க்கவில்லை. அதைவிட, கதவைத் தட்டினால் எழுந்து போவதை விட்டுவிட்டாள். தபால்காரர் தட்டிக்கொண்டே நின்றார். நான்தான் திறந்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி கையில் கட்டோடு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்று, அப்பாவிடம், "அந்தப் பிள்ளைய யாரும் கொற சொல்லாதிய. அவ இல்லன்னா இத்தன பிள்ளையளும் போயிருக்கும். அவள பாத்து ஒரு வார்த்த சொல்லணும்" என்றார். அப்பாவின் முகம் மாறியது. சித்திக்காகக் குகைக்குள் ரயிலை நிறுத்தினார் என்ற பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது. ஒண்டிக்கட்டை; நாசரேத்துக்காரர், எங்களைப் போலக் கத்தோலிக்கர் இல்லை, வேறு சபை. நன்றி சொல்ல வந்த மனிதரில் அப்பா அதைத்தான் பார்த்தார். "அவ தூங்குதா" என்று கதவைச் சாத்தினார். சித்தி தூங்கவில்லை. பொங்கலுக்கு முன்பே அவளைச் சாத்தான்குளம் தாண்டித் செம்மணல் தேரிக்காட்டு ஓரம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பிள்ளைகள் விடுதிக்குச் சமையலுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. பூங்காவை மூடிவிட்டார்கள்.

பின்னாளில் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா ஒருவர் விளக்கினார். பருவம் பூராவும் கடல் கல்கரைக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே தளர்ந்த ஒரு கல் அலைக்கு அலை மேலே எழும்பித் தண்டவாளக் கட்டையில் மோதியிருக்கிறது. மண் முழுக்கப் போனதும் அந்தக் கல்லும் விழுந்து, மோத எதுவும் இல்லாமல் போயிருக்கும். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அன்று சித்தி பலகையில் தட்டிவிட்டுக் காத்திருந்தபோது, அது ஏன் அவள் முடித்த பிறகு தட்டியது என்று மாமாவிடம் நான் கேட்கவில்லை.

நான் ஆசிரியையாகி, பிள்ளைகள் பெற்ற பிறகு, ஒருமுறை அவளைப் பார்க்கப் போனேன். செம்மண் தேரி. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் கிடையாது. சித்திக்குத் தலை நரைத்து, உடம்பு பெருத்து, விடுதிப் பிள்ளைகளை அதட்டுகிற குரல் வந்திருந்தது. என்னைக் கண்டதும் அப்படியொரு சந்தோஷம். மீன் கிடைக்காத ஊரில் எங்கிருந்தோ வாங்கி வந்து பொரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எத்தனையோ வருடம் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "சித்தி, நீங்க அன்னிக்கு வந்து படுக்கலைன்னா நான் இன்னிக்கு இல்ல. என் பிள்ளையளும் இல்ல."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் ஒங்களுக்காவ வரலளா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ, நீயுமா? அன்னிக்கு மத்தியானமே சத்தம் நின்னு போச்சு. தட்டித் தட்டிப் பாத்தேன். கல்லுக்குள்ள இறங்கிப் பாத்தேன். ஒண்ணும் வரல. கடைசியில கம்பியில காத வச்சேன்."

"ரயில் வந்தது கேக்கலையா சித்தி?"

"கேட்டுச்சு. அதான் கோவம். அந்த இரைச்சல்ல அவிய சத்தம் கேக்காமப் போயிருமேன்னு." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த இன்ஜின் விழுந்து ஆவி அடங்குச்சு பாரு, அப்பதான் எனக்குத் தெரிஞ்சிது. அங்கன யாரும் இல்லன்னு. அதோட விட்டுட்டேன்."

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டேன். "அன்னிக்கும் தட்டியிருந்தா?"

"தட்டியிருந்தா எந்திரிச்சு வழி விட்டிருப்பேன். நீங்க போயிருப்பிய" என்றாள், உலையில் அரிசி போட நேரமாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி. பிறகு, "கெளம்பு, பஸ்ஸு வந்துரும்" என்று எழுந்தாள்.

அவளுக்கு என்மேல் பாசம் இருந்தது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பஸ் வரும்வரை அந்தச் செம்மண் ரோட்டோரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.